மாஸ்டடானுக்கு வருகிறீர்களா? நாலு பேராக வாருங்கள்

டுவிட்டர் போலச் சின்னச் சின்னப் பதிவுகள் எழுதும் சமூக ஊடகமான மாஸ்டடானில் கணக்குத் தொடங்குவது பத்து நிமிட வேலை. அதில் யாரும் திணறுவதில்லை. திணறல் மறுநாள் காலையில்தான் தொடங்குகிறது. செயலியைத் திறந்தால் திரையில் ஒன்றும் இருக்காது. முகநூலாக இருந்தால் 'இவரைத் தெரியுமா, அவரைத் தெரியுமா' என்று நச்சரித்திருக்கும். டிக்டாக் என்றால் நாம் ஒன்றும் செய்யாமலேயே வீடியோ ஓடத் தொடங்கியிருக்கும். இங்கே தொடக்கத்தில் சில கணக்குகளைப் பரிந்துரைப்பார்கள், அவ்வளவுதான். அவையும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதுகிற, நமக்குச் சம்பந்தமில்லாத பிரபலங்களாக இருக்கும். அப்புறம் நீங்கள் யாரைப் பின்தொடர்கிறீர்களோ அவர்கள் எழுதியதும் பகிர்ந்ததும் மட்டும் நேர வரிசையில் வரும். யாரையும் பின்தொடரவில்லை என்றால் எதுவும் வராது. "யாருமே இல்லாத இடமா இருக்கே" என்று மூடிவிட்டுப் போனவர்கள் பினாங்கில் எனக்குத் தெரிந்தே பலர்.

2022 அக்டோபர் கடைசியில் ஈலோன் மஸ்க் டுவிட்டரை வாங்கியதும் உலகம் முழுக்க ஒரு கூட்டம் இங்கே ஓடி வந்தது. மாதந்தோறும் பயன்படுத்துவோர் எண்ணிக்கை ஏறத்தாழ 3 லட்சத்திலிருந்து இரண்டே மாதத்துக்குள் 25 லட்சத்துக்கு ஏறியது. வந்தவர்களில் நிறையப் பேர் தங்கவில்லை. தொழில்நுட்பம் கடினம் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். எனக்கு அதில் பாதிக்கு மேல் நம்பிக்கை இல்லை. புலன (வாட்ஸ்அப்) குழுவில் படமும் குரல்பதிவும் சரமாரியாக அனுப்பத் தெரிந்த நம் அத்தைகளுக்கு இது ஒன்றும் பெரிய வித்தை அல்ல. பேச ஆள் இல்லாததுதான் சிக்கல். அதனால் இந்த வழிகாட்டியில் பொத்தான்களைவிட ஆட்களைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

இது என்ன இடம் என்று ஒரே ஒரு பத்தி

மாஸ்டடான் என்பது ஒரு நிறுவனம் நடத்தும் ஒரே தளம் அல்ல. ஜெர்மனியிலிருந்து ஓய்கன் ரோச்கோ என்பவர் 2016இல் வெளியிட்ட இலவச மென்பொருள் அது. அதை எடுத்து யாரும் தங்கள் சர்வரில், அதாவது இணையத்தில் எப்போதும் இயங்கும் கணினியில், நிறுவி நடத்தலாம். இப்படி ஆயிரக்கணக்கான சர்வர்கள் இருக்கின்றன. மேக்சிஸ் எண் வைத்திருப்பவர் செல்கோம்டிஜி எண்ணுக்கு அழைக்க முடிகிறதல்லவா, அதுபோல ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரைப் பின்தொடரலாம், பதில் எழுதலாம். சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் விதிமுறைக்கு ஆக்டிவிட்டிபப் என்று பெயர். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2018 ஜனவரியில் அதை ஏற்றது. படங்களுக்கான பிக்சல்ஃபெட், வீடியோக்களுக்கான பியர்டியூப் எல்லாம் இதே விதிமுறையில் ஓடுவதால் அங்கிருப்பவர்களையும் மாஸ்டடானிலிருந்தே பின்தொடரலாம். மொத்தக் கூட்டத்துக்கும் ஃபெடிவெர்ஸ் என்று பெயர். இவ்வளவு போதும். இந்தப் பத்தியில் உள்ளதைப் பாதி மறந்தாலும் குறை ஒன்றும் வராது.

முதல் வேலை: மூன்று பேரைப் பிடியுங்கள்

கணக்குத் தொடங்கும் முன்பே இதைச் செய்யுங்கள். ஏற்கெனவே உங்களோடு புலனத்தில் உருப்படியாகப் பேசுகிறவர்களில் மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர், படம் எடுப்பதில் பைத்தியமாக இருக்கும் அண்ணன் மகன், புத்தகம் படிக்கும் தோழி என்று ஆள் கலவையாக இருந்தால் நல்லது. கோவில் நிர்வாகக் குழுவில் சண்டை போடுகிறவரைத் தவிருங்கள், அந்தச் சண்டையும் கூடவே வந்துவிடும்.

நாலு பேரும் ஒரே நாளில், ஒரே மேசையில் உட்கார்ந்து தொடங்குவது மிகவும் வசதி. லெபோ பாசார் பக்கம் ஒரு கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டே செய்யலாம். ஜாலான் மஸ்ஜித் நெகிரியில் இருக்கும் பினாங்கு டிஜிட்டல் நூலகமும் இதற்குத் தோதான இடம். கோலாலம்பூர்க்காரர்களுக்குப் பிரிக்ஃபீல்ட்ஸில் கடைக்கா பஞ்சம்? மேசையை விட்டு எழும்போது நாலு பேரும் ஒருவரையொருவர் பின்தொடர்ந்திருக்க வேண்டும், ஆளுக்கு ஒரு பதிவாவது எழுதியிருக்க வேண்டும். மறுநாள் காலை யாருடைய திரையும் வெறுமையாக இருக்காது.

சர்வரைத் தேர்ந்தெடுப்பது

புதியவர்கள் மிரளும் இடம் இது. 'எந்த சர்வர்?' என்று செயலி கேட்டதும் ஏதோ நிலம் வாங்குவது போல யோசிக்கத் தொடங்குவார்கள். வேண்டாம். பிறகு மாற்றிக்கொள்ளலாம், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் யோசனை: மாஸ்டடான் டாட் சோஷியல் என்ற சர்வரில் தொடங்குங்கள். மாஸ்டடானை உருவாக்குகிற அமைப்பே நடத்துவது அது. அதிகாரப்பூர்வச் செயலியைத் திறந்தால் முதலில் கண்ணில் படும் பொத்தானும் அதுதான். 'எல்லாரும் ஒரே சர்வரில் குவிந்தால் பரவலாக்கம் எதற்கு?' என்று கொள்கைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் தமிழ் எழுதும் புதியவருக்குப் பெரிய சர்வரில் ஒரு நடைமுறை லாபம் உண்டு. ஒரு ஹேஷ்டேக்கை (பதிவில் # குறியோடு எழுதும் தலைப்புச் சொல்லை) தேடினால், உங்கள் சர்வருக்கு வந்து சேர்ந்த பதிவுகள்தான் கண்ணில் படும். சின்ன சர்வரில் தமிழ்க் கணக்குகளைப் பின்தொடர்பவர் யாரும் இல்லை என்றால், உலகில் எவ்வளவு பேர் தமிழில் எழுதினாலும் அங்கே தேடல் காலியாகவே இருக்கும். பெரிய சர்வரில் யாரோ ஒருவர் ஏற்கெனவே அவர்களைப் பின்தொடர்ந்து வைத்திருப்பார்.

சின்ன சர்வர்தான் வேண்டும் என்றால் ஜாயின்மாஸ்டடான் தளத்தின் பட்டியலிலிருந்து எடுங்கள். அந்தப் பட்டியலில் இடம்பெறும் சர்வர்கள் சில உறுதிமொழிகளை ஏற்றிருக்க வேண்டும்: இனவெறி போன்றவற்றுக்கு எதிராகக் கண்காணிப்பு இருக்க வேண்டும், தினமும் காப்பு நகல் எடுக்க வேண்டும், அவசரத்துக்கு இன்னொருவர் கையிலும் சாவி இருக்க வேண்டும், மூடுவதாக இருந்தால் மூன்று மாதம் முன்பே சொல்ல வேண்டும். சர்வரின் இணைய முகவரி எந்த நாட்டின் பின்னொட்டில் (மலேசியாவுக்கு .my போல) முடிகிறது என்பதையும் பாருங்கள். 2024 பிப்ரவரியில் ஆப்கானிஸ்தானின் பின்னொட்டைப் பயன்படுத்திய ஒரு சர்வரின் முகவரியை அந்நாட்டு அரசு முடக்கிவிட்டது. பெயர் அழகாக இருக்கிறதே என்று வைத்தது.

கணக்குத் தொடங்குதல்

ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் மாஸ்டடான் என்ற பெயரிலேயே செயலி இருக்கிறது, இலவசம். வேறு செயலிகளும் உண்டு, ஆண்ட்ராய்டில் டஸ்கி பலருக்குப் பிடித்தது. முதல் மாதம் அதிகாரப்பூர்வச் செயலியே போதும்.

மின்னஞ்சல், பயனர் பெயர், கடவுச்சொல் கேட்பார்கள். சில சர்வர்கள் பிறந்த தேதியும் கேட்கும். கைப்பேசி எண் கேட்க மாட்டார்கள், அது பெரிய நிம்மதி. பயனர் பெயரில் ஆங்கில எழுத்தும் எண்ணும் அடிக்கோடும்தான் செல்லும். பின்னால் மாற்ற முடியாது என்பதால் அதை மட்டும் கொஞ்சம் யோசித்து வையுங்கள். மேலே தெரியும் பெயரைத் தமிழிலேயே எழுதலாம், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் ஒன்று வரும், அதிலிருக்கும் இணைப்பைத் தட்டினால்தான் கணக்கு உயிர்பெறும். வரவில்லையா? ஸ்பேம் பெட்டியில் கிடக்கும். சில சர்வர்களில் 'ஏன் சேர விரும்புகிறீர்கள்' என்று கேட்டு, நிர்வாகி படித்துப் பார்த்த பிறகுதான் அனுமதி வரும். இரண்டு வரி எழுதினால் போதும், நேர்முகத் தேர்வு அல்ல.

அடுத்து சுயவிவரம். இதைக் காலியாக விடாதீர்கள். இங்கே ஒருவர் உங்களைத் திரும்பப் பின்தொடர்வதா என்று முடிவெடுக்க அதைத்தான் பார்ப்பார். படம் ஒன்று வையுங்கள். உங்கள் முகமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, வீட்டுப் பூனை போதும். இரண்டு வரி எழுதுங்கள். 'பட்டர்வொர்த்தில் வசிக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியை. செடி வளர்ப்பு, பழைய பாடல், தமிழ், மலாய், ஆங்கிலம்' என்றால் அதில் எல்லாம் வந்துவிட்டது. வீட்டு முகவரி, அடையாள அட்டை எண், கைப்பேசி எண் எதையும் போடாதீர்கள்.

அமைப்புகளுக்குள் போய் இரண்டு வேலை. கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். மொழி அமைப்பில் பொது ஓடைகளுக்கு (எல்லாருடைய பொதுப் பதிவுகளும் ஓடும் பக்கங்களுக்கு) எந்தெந்த மொழி வேண்டும் என்று கேட்கும் இடத்தில் தமிழோடு உங்களுக்குப் படிக்கத் தெரிந்த மற்ற மொழிகளையும் குறியிடுங்கள். தமிழை மட்டும் தட்டிவிட்டு, 'ஒண்ணுமே வரலையே' என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. இடைமுகத்தையும் தமிழில் வைக்கலாம். ஆங்காங்கே மொழிபெயர்க்காத ஆங்கில வரிகள் எட்டிப் பார்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் தட்டச்சு பற்றிச் சொல்லவே வேண்டாம். மலேசியரான முத்து நெடுமாறனின் தமிழ்த் தட்டச்சுச் செயலியான செல்லினம் நம் கைப்பேசிகளுக்கு வந்து எவ்வளவோ ஆண்டுகள் ஆகின்றன. 2001இலேயே தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்த நாடு இது. ஐபோனில் அஞ்சல், தமிழ் 99 இரண்டு விசைப்பலகைகளும் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன, அமைப்பில் சேர்த்துக்கொண்டால் சரி.

ஆட்களைத் தேடுவது: முதல் வாரம் முழுக்க இதுதான்

முதல் வாரத்தில் எழுதுவதைவிடப் பின்தொடர்வதற்கு நேரம் கொடுங்கள். நல்ல கணக்குகள் ஐம்பது சேரும் வரை கணக்குப் பார்க்காமல் பின்தொடருங்கள், பிடிக்காததை அப்புறம் நீக்கலாம். நீக்கினால் அவருக்கு அறிவிப்புப் போகாது.

ஹேஷ்டேக்கையே பின்தொடரலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தேடல் பெட்டியில் 'தமிழ்' என்ற ஹேஷ்டேக்கைத் தேடி, அதன் பக்கத்தில் பின்தொடர் பொத்தானைத் தட்டுங்கள். அதன் பிறகு அந்த ஹேஷ்டேக் போட்ட பொதுப் பதிவுகள் உங்கள் முகப்பு ஓடைக்கே வந்துவிடும். பினாங்கு என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் மலாயிலும் பின்தொடருங்கள், மலேசியா அப்படியே. பிறகு உங்கள் விருப்பங்கள்: பறவை, தோட்டம், ரயில், பின்னல், பழைய கேமரா. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், தமிழில் எழுதுகிறவர்கள் இங்கே குறைவு. முகநூல் அளவுக்குக் கூட்டத்தை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். ஆனால் பறவை பார்க்கிறவர்கள், வானியல் பேசுகிறவர்கள், நூலகர்கள், மொழி ஆர்வலர்கள் இங்கே நிறைய. நமக்கு ஆங்கிலமும் மலாயும் தெரியும் என்பது இந்த இடத்தில் பெரிய வசதி.

நிறுவனங்களும் இருக்கின்றன. பழைய நூல்களையும் வலைப்பக்கங்களையும் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தனக்கென்று ஒரு மாஸ்டடான் சர்வரே வைத்திருக்கிறது. வேர்ட்பிரஸ்ஸில் வலைப்பூ எழுதுகிற நண்பர் ஃபெடிவெர்ஸுக்கான நீட்சியை (கூடுதல் நிரலை) நிறுவியிருந்தால் அவருடைய வலைப்பூவையும் இங்கிருந்தே பின்தொடரலாம். முகநூல் நிறுவனத்தின் த்ரெட்ஸில் இருக்கும் நண்பர் தன் அமைப்பில் ஃபெடிவெர்ஸ் பகிர்வை இயக்கி வைத்திருந்தால் அவரையும் பின்தொடரலாம், உங்கள் சர்வர் த்ரெட்ஸைத் தடுத்திருக்காவிட்டால். சில சர்வர்கள் தடுத்திருக்கின்றன.

இப்போது எல்லாரும் இடறும் கல் ஒன்று. நண்பர் தன் மாஸ்டடான் பக்கத்தின் இணைப்பைப் புலனத்தில் அனுப்புகிறார். தட்டுகிறீர்கள். அது உலாவியில், அவருடைய சர்வரில் திறக்கிறது. அங்கே உங்களுக்குக் கணக்கு இல்லை, ஆகவே உள்நுழையச் சொல்லும். உங்கள் கடவுச்சொல்லைப் போட்டால் தவறு என்று சொல்லும். கணக்கே போய்விட்டது என்று பதற வேண்டாம். அவருடைய முழு முகவரியை நகலெடுங்கள். முழு முகவரி என்பது பயனர் பெயர், அட் குறி (@), சர்வர் பெயர் என்று மின்னஞ்சல் போலவே இருக்கும், முன்னால் இன்னொரு அட் குறி சேர்ந்திருக்கும். உங்கள் செயலியின் தேடல் பெட்டியில் அதை ஒட்டினால் ஆள் வந்துவிடுவார். அங்கே பின்தொடருங்கள்.

வந்த ஆளின் பக்கத்தில் பதிவுகளே இல்லாதது போலத் தெரியலாம். உங்கள் சர்வரிலிருந்து அவரைப் பின்தொடரும் முதல் ஆள் நீங்களாக இருந்தால் பழைய பதிவுகள் இங்கே வந்து சேர்ந்திருக்காது. இனி எழுதுவது வரும். பழையதைப் படிக்க அவர் பக்கத்தை உலாவியில் திறந்துகொள்ளுங்கள்.

எழுதுவது

முதல் பதிவு அறிமுகம். தமிழில் 'அறிமுகம்', ஆங்கிலத்தில் 'இன்ட்ரொடக்‌ஷன்' இரண்டு ஹேஷ்டேக்கையும் போடுங்கள். புதியவர்களை வரவேற்பதற்கென்றே அந்த ஆங்கில ஹேஷ்டேக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் நல்ல மனிதர்கள் உண்டு. உங்கள் ஆர்வங்களையும் ஹேஷ்டேக்காக மாற்றிவிடுங்கள். எழுதி முடித்து, அதை உங்கள் பக்கத்தின் மேலே குத்தி வைத்துவிடுங்கள்.

பெரும்பாலான சர்வர்களில் ஒரு பதிவுக்கு 500 எழுத்து. இணைப்பு எவ்வளவு நீளமானாலும் 23 எழுத்தாகவே எண்ணுவார்கள். எழுதும் பெட்டியில் மொழி என்ற இடத்தில் தமிழ் என்று மாற்றுங்கள். அது ஆங்கிலத்திலேயே நின்றுவிட்டால் தமிழ் மட்டும் வேண்டும் என்று வடிகட்டி வைத்திருப்பவருக்கு உங்கள் பதிவு போய்ச் சேராது. ஹேஷ்டேக்கில் இடைவெளி விட்டால் அங்கேயே அறுந்துவிடும், இரண்டு சொல் என்றால் நடுவில் அடிக்கோடு போடுங்கள்.

பிடித்த பதிவுக்கு நட்சத்திரம் போட்டால் எழுதியவருக்கு மகிழ்ச்சி, அவ்வளவுதான். அது யாருடைய முகப்பு ஓடைக்கும் அந்தப் பதிவைக் கொண்டுபோகாது. பூஸ்ட் செய்தால்தான், அதாவது மறுபகிர்வு செய்தால்தான், உங்களைப் பின்தொடர்பவர்களுக்குப் போகும். முகநூல் பழக்கத்தில் விருப்பக் குறி மட்டும் போட்டுவிட்டு நகர்பவர்களால் இங்கே ஒரு பதிவும் பரவாது. நாலு பேராக வந்திருப்பவர்கள் ஒருவர் பதிவை மற்றவர் தாராளமாக பூஸ்ட் செய்யுங்கள்.

படம் போட்டால் அதற்கு விளக்கம் எழுதுவது இங்கே எழுதாத சட்டம். திரைவாசிப்பான் வைத்துப் படிக்கும் பார்வையற்றோருக்கு அந்த விளக்கம்தான் படம். தமிழிலேயே எழுதலாம். 'தைப்பூச முதல் நாள், தண்ணீர்மலைக்குப் போகும் வெள்ளி ரதம். சாலை முழுக்க உடைந்த தேங்காய், ஓரத்தில் குடும்பம் ஒன்று நிற்கிறது' என்று எழுதினால் போதும். காலை வணக்கம் எழுதிய ரோஜாப்பூப் படங்களைப் புலனத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். யாரும் தடை போடவில்லை. ஆனால் நேர வரிசையில் ஓடும் இடத்தில், ஜெர்மனியில் நள்ளிரவில் விழித்திருப்பவருக்கு உங்கள் காலை வணக்கத்தை என்ன செய்வதென்று தெரியாது.

தைப்பூசம் என்றதும் இன்னொன்று. அலகு குத்திய கன்னமும் முதுகில் கொக்கியும் நமக்குச் சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய காட்சி. பழகாத ஒருவர் காலைச் சாப்பாட்டின்போது அதைத் திடீரெனப் பார்த்தால் தட்டை நகர்த்திவிடுவார். படத்தை 'உணர்வைப் பாதிக்கக்கூடியது' என்று குறியிடும் வசதி இருக்கிறது, குறியிட்டால் மங்கலாகத் தெரியும், விரும்புகிறவர் தட்டிப் பார்ப்பார். எழுத்துக்கும் இப்படி ஒரு எச்சரிக்கை வரி போட்டு உள்ளே மறைக்கலாம். சினிமாப் படத்தின் முடிவைச் சொல்வதற்கு, அரசியல் கோபத்தைக் கொட்டுவதற்கு இது உதவும். இதை நம் வழிபாட்டை ஒளிப்பதாக நினைக்க வேண்டாம். ஏன் குத்துகிறார்கள் என்று இரண்டு வரி சேர்த்து எழுதினால், தட்டிப் பார்த்தவர் கேள்வியோடு வருவார், நல்ல உரையாடல் ஆகும்.

எழுத்துப்பிழையா? திருத்தலாம். ஆனால் திருத்திய வரலாறு எல்லாருக்கும் தெரியும், பூஸ்ட் செய்தவருக்கு அறிவிப்பும் போகும். அழித்தால் மற்ற சர்வர்களுக்கும் 'அழித்துவிடு' என்று செய்தி போகும். எல்லா சர்வரும் கேட்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

யார் கண்ணில் படும்

இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் நாலு நிலை உண்டு. பொது என்றால் உலகத்துக்கே தெரியும். அமைதியான பொது என்றாலும் யாரும் படிக்கலாம், ஆனால் தேடலிலும் ஹேஷ்டேக்கிலும் பொது ஓடையிலும் வராது. பின்தொடர்பவர்களுக்கு மட்டும் என்பது மூன்றாவது. நீங்கள் குறிப்பிடுகிறவர்களுக்கு மட்டும் என்பது நாலாவது, தனிச்செய்தி என்று நாம் நினைப்பது இதைத்தான்.

மூன்றாவதில் ஒரு ஓட்டை. உங்களை யார் வேண்டுமானாலும் பின்தொடர முடிந்தால், யார் வேண்டுமானாலும் பின்தொடர்ந்துவிட்டுப் படிக்கலாம். குடும்பப் படம் போடுவதாக இருந்தால், பின்தொடர்வோரை நீங்கள் ஒப்புக்கொண்டால்தான் சேர முடியும் என்று அமைப்பில் மாற்றுங்கள்.

நாலாவதில் இன்னும் பெரிய ஓட்டை. மூன்றாவது ஆள் ஒருவரின் முகவரியை அந்தத் தனிச்செய்திக்குள் எழுதினால், செய்தி அவருக்கும் போய்விடும். மாமியாரைப் பற்றி அக்காவிடம் அங்கலாய்க்கும்போது மாமியாரின் முகவரியை அட் குறியோடு சேர்த்து எழுதிவிட்டால் அப்புறம் தீபாவளிக்கு அந்த வீட்டுப் பக்கம் போக முடியாது. பெயரை வெறும் பெயராக எழுதுங்கள். மேலும் இந்தச் செய்திகளுக்குப் புலனத்தில் இருப்பது போன்ற, அனுப்புபவரும் பெறுபவரும் தவிர யாரும் படிக்க முடியாத முனைக்கு முனை மறையாக்கம் கிடையாது. சர்வர் நிர்வாகி நினைத்தால் படிக்கத் தொழில்நுட்ப ரீதியாக வழி உண்டு. வங்கி விவரம், மருத்துவ அறிக்கை, ரகசியம் எல்லாம் வேறு இடத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

தொல்லை, சட்டம், மோசடி

தொல்லை கொடுப்பவரின் சத்தத்தை அடக்கலாம், தடுக்கலாம், அவருடைய சர்வரையே உங்கள் கண்ணிலிருந்து மறைக்கலாம். புகார் கொடுத்தால் உங்கள் சர்வரின் நிர்வாகிக்குப் போகும், விரும்பினால் எதிராளியின் சர்வருக்கும் நகல் அனுப்பலாம். பல சர்வர்களில் அதைப் படிப்பவர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து இதையும் பார்க்கிற தன்னார்வலர். ஒரே நிமிடத்தில் பதில் வரவில்லை என்று கோபிக்க வேண்டாம். சர்வரை நன்கொடையில்தான் நடத்துகிறார்கள், பிடித்திருந்தால் மாதம் சில வெள்ளி கொடுங்கள்.

வெளிநாட்டு சர்வர்தானே, நம்மூர்ச் சட்டம் என்ன செய்யும் என்று சிலர் நினைக்கிறார்கள். மலேசியாவில் 80 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள சமூக ஊடகங்களுக்கு 2025 ஜனவரி 1 முதல் உரிமம் கட்டாயம். சின்ன சர்வர்கள் அந்த எண்ணிக்கையின் பக்கத்திலேயே வராது. ஆனால் அது தளங்களுக்கான விதி. எழுதுகிற உங்களுக்கு 1998ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு எங்கே எழுதினாலும் இருக்கிறது. இனம், சமயம், அரச அமைப்பு ஆகிய 3ஆர் விவகாரங்களில் புலனத்தில் எவ்வளவு கவனமாக இருப்பீர்களோ அதே கவனம் இங்கேயும் வேண்டும்.

'மாஸ்டடான் உதவிக் குழு' என்ற பெயரில், கணக்கை உறுதிப்படுத்த இந்த இணைப்பைத் தட்டுங்கள் என்று தனிச்செய்தி வந்தால் அது மோசடி. நாளிதழில் மக்காவ் மோசடி (போலீஸ், வங்கி என்று தொலைபேசியில் பேசி ஏமாற்றுவது) செய்தி படித்து உச்சுக்கொட்டுகிறவர்களே இதில் விழுகிறார்கள். புகார் கொடுத்துத் தடுத்துவிடுங்கள். பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள்.

அழைத்து வருகிறவர்களுக்கு

இந்தப் பகுதி ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு. ஒருவரை அழைத்து வந்தால் ஒரு மாதம் அவர் உங்கள் பொறுப்பு. ஆக்டிவிட்டிபப், பரவலாக்கம், தரவு உரிமை என்று தொடங்காதீர்கள். "டீச்சர், உங்கள் ரோஜாச் செடிப் படத்தை இங்கே போட்டால் செடி வளர்க்கிறவர்கள் வந்து பேசுவார்கள்" என்று சொல்லுங்கள். அவருக்காக சர்வரை நீங்களே முடிவு செய்துவிடுங்கள். அவர் ரசனைக்கு ஒத்து வரும் பத்துப் பதினைந்து கணக்குகளை முன்கூட்டியே குறித்து வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பின்தொடர வையுங்கள். கைப்பேசியை வாங்கி நீங்களே தட்டிக்கொடுக்காதீர்கள், அவர் விரல் தட்டட்டும்.

அவர் அறிமுகப் பதிவு போட்ட அன்றே பதில் எழுதுங்கள். நட்சத்திரத்தோடு நிறுத்தாமல், 'எந்த ரக ரோஜா?' என்று திருப்பி ஏதாவது கேளுங்கள். பூஸ்ட் செய்யுங்கள். உங்கள் மற்ற நண்பர்களையும் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். படத்துக்கு விளக்கம் போடவில்லை, எச்சரிக்கை வரி வைக்கவில்லை என்றால் எல்லார் முன்னாலும் திருத்தாதீர்கள். 2022 அலையில் வந்தவர்கள் பலர் 'இங்கே வந்து ஒரு வார்த்தை எழுதினால் பத்துப் பேர் விதி சொல்கிறார்கள்' என்று வெறுத்துத்தான் போனார்கள். ஆசிரியையாக இருந்தவரை நாலு பேர் முன்னால் திருத்தினால் அவர் திரும்பி வருவாரா? நேரில் பார்க்கும்போது சொல்லுங்கள், அல்லது புலனத்தில் சொல்லுங்கள்.

புலனத்தையும் முகநூலையும் விட்டுவிடச் சொல்லாதீர்கள். திருமண அழைப்பும் இரங்கல் செய்தியும் அங்கேதான் வருகின்றன. இது கூடுதலாக ஒரு திண்ணை, அவ்வளவே.

பிறகு சர்வர் மாற விரும்பினால்

சில மாதம் கழித்து, இந்தப் பெரிய சர்வரில் இரைச்சல் அதிகம் என்று தோன்றலாம், அல்லது தமிழ் நண்பர்கள் சேர்ந்து சின்ன சர்வர் ஒன்றைத் தொடங்கலாம். மாறுவது எளிது, வரிசைதான் முக்கியம். செயலியில் தேடாமல் உலாவியில் செய்யுங்கள். முதலில் பழைய கணக்கின் அமைப்புகளில் ஏற்றுமதிப் பகுதிக்குப் போய், நீங்கள் பின்தொடர்பவர்கள், தடுத்தவர்கள், புத்தகக்குறிகள் ஆகிய பட்டியல்களை இறக்கி வையுங்கள். புதிய சர்வரில் கணக்குத் தொடங்கி, 'வேறு கணக்கிலிருந்து வருகிறேன்' என்ற இடத்தில் பழைய முழு முகவரியைப் பதியுங்கள். பிறகு பழைய கணக்குக்குத் திரும்பி, 'வேறு கணக்குக்குப் போகிறேன்' என்பதில் புதிய முகவரியைக் கொடுங்கள். உங்களைப் பின்தொடர்பவர்கள் தானாகவே புதிய கணக்குக்கு வந்துவிடுவார்கள், அவர்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். கடைசியில் இறக்கி வைத்த பட்டியல்களைப் புதிய கணக்கில் ஏற்றுங்கள்.

கைப்பேசி நிறுவனம் மாறினால் எண் கூடவே வரும், இங்கே முகவரி மாறிவிடும். பழைய பதிவுகளும் பழைய இடத்திலேயே நின்றுவிடும். அவற்றின் நகலை ஏழு நாளுக்கு ஒருமுறை கேட்டு இறக்கிக்கொள்ளலாம், புதிய கணக்கில் ஏற்ற முடியாது. ஒருமுறை மாறினால் அடுத்த மாற்றத்துக்கு 30 நாள் காத்திருக்க வேண்டும். பழைய கணக்கை அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். அப்படியே விட்டால், தேடி வருகிறவருக்கு நீங்கள் போன இடத்தை அது காட்டிக்கொண்டிருக்கும். நாலு பேரும் சேர்ந்து மாறவும் தேவையில்லை. ஒருவர் மட்டும் போனாலும் மற்ற மூவரின் திரையில் அவர் பதிவு முன்போலவே வரும்.